செல் எந்தக் குரூப் படித்தது?



பத்தாம் வகுப்பு முடிந்ததும் உங்கள் முன் நிற்கும் கேள்வி, "எந்தக் குரூப் எடுப்பது?" என்பதுதான். எங்கள் பாப்பாரப்பட்டியிலும் இதே பேச்சுதான். கணினி அறிவியல் எடுத்தவர் பலர் உயிரியலை மறந்துவிடுகிறார்கள். உயிரியலை விரும்புவோர் பலர் இயற்பியலை மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்கிறார்கள். பாடங்களுக்கு நடுவே நிற்கும் இந்த மதில் இயற்கையில் இல்லை என்பது என் கருத்து.

ஒரு செல்லையே சாட்சிக்கு அழைப்போமா? செல்சவ்வின் தடிமன் சுமார் 5 நானோமீட்டர். நரம்புச் செல்லில் அதன் இரு பக்கங்களுக்கும் இடையே சுமார் 70 மில்லிவோல்ட் மின்னழுத்த வேறுபாடு உண்டு. வகுத்துப் பாருங்கள்: மீட்டருக்கு ஒரு கோடி வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்புலம்! இந்தச் சவ்வில் ஏரி மதகுகளைப் போன்ற புரதங்கள் உள்ளன. இவற்றுள் சில, சவ்வு அழுந்தினாலோ இழுபட்டாலோ திறக்கும். சோடியம், கால்சியம் அயனிகள் உள்ளே பாயும். தொடுதல் மின்குறிப்பாக மாறுவது இப்படித்தான்.

இத்தகைய மதகைத் தேடி, அமெரிக்காவில் ஆர்டெம் பட்டபூட்டியனும் பெர்ட்ரண்ட் கோஸ்டும் 72 மரபணுக்களை ஒவ்வொன்றாக முடக்கினார்கள். ஒவ்வொரு முறையும் மெல்லிய கண்ணாடிக் குழாயால் செல்லைக் குத்திப் பார்த்தார்கள். 71 முறை மின்னோட்டம் நிற்கவில்லை. 72-ஆவதில் நின்றது! 2010-இல் வெளியான அந்தக் கண்டுபிடிப்பின் பெயர் பீசோ1. அழுத்தத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. பட்டபூட்டியன் 2021-இல் டேவிட் ஜூலியசுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அந்த மதகு விசைக்கு மட்டும்தான் இசையுமா? முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வேதிப்பொருள்களைச் சலித்துப் பார்த்ததில் ஒன்று அகப்பட்டது. 2015-இல் அதற்கு யோடா1 என்று பெயரிட்டார்கள். அது சேர்ந்தால் குறைந்த விசையே போதும். மதகு கூடுதல் நேரம் திறந்தும் நிற்கும். ஆனால் பீசோ1-இன் உறவான பீசோ2-ஐ அது அசைப்பதில்லை. யோடா1 மருந்தன்று, ஆய்வுக்கூடக் கருவி. ஆயினும் பீசோ1 நம் இரத்தக் குழாய்களிலும் சிவப்பணுக்களிலும் இருப்பதால், அதைத் திறக்கவும் மூடவும் கற்பது மருத்துவத்துக்கு முக்கியம்.

இப்போது சொல்லுங்கள், இது எந்தப் பாடம்? விசை இயற்பியல், யோடா1 வேதியியல், தொடுவுணர்வு உயிரியல்.

நம் நாட்டிலேயே இந்த மதிலைத் தாண்டியவர் உண்டு. கல்கத்தா பிரெசிடென்சி கல்லூரியின் இயற்பியல் பேராசிரியர் ஜகதீஸ் சந்திர போஸ், தொட்டாற்சிணுங்கியின் மின்துடிப்பை அளந்தார். உடலியல் அறிஞர் சிலர் அதை விரும்பவில்லை. அவர் நிற்கவில்லை, 1917-இல் ஓர் ஆய்வு நிலையத்தையே நிறுவினார்.

"எல்லாவற்றையும் படிக்க நேரம் எங்கே, ஐயா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எல்லாவற்றையும் படிக்கச் சொல்லவில்லை. ஏதேனும் ஒரு குரூப்பை எடுங்கள். ஆனால் பக்கத்துக் குரூப் நண்பனின் புத்தகத்தை மாதம் ஒருமுறையேனும் வாங்கிப் புரட்டுங்கள். புரியாததை அவனிடமே கேளுங்கள். உங்களுக்குத் தெரிந்ததை அவனுக்குச் சொல்லுங்கள். நாளைய கண்டுபிடிப்பு எந்தப் பாடத்தின் எல்லையில் காத்திருக்கிறதோ, யார் கண்டது?