சுத்தியலை அப்புறம் எடுக்கலாம்



எங்கள் வேப்பம்பட்டு மழையில் மாதக்கணக்கில் நின்ற அம்பாசடரின் பின்சக்கர பிரேக் டிரம் கழலவில்லை என்றால், உடனே பெரிய சுத்தியலைத் தேடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

டிரம் வார்ப்பிரும்பு. ஓங்கி அடித்தால் விரிசல் விடும். அம்பாசடர் உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது. உடைத்துவிட்டு வேறு டிரம்முக்கு அலைய வேண்டும்.

ஏன் சிக்குகிறது என்று முதலில் யோசியுங்கள். ஒன்று, டிரம்முக்கும் ஹப்புக்கும் நடுவே துரு. எண்ணெய் விட்டு ஓர் இரவு பொறுத்திருங்கள். இரண்டு, ஷூ தேய்த்த இடம் பள்ளமாகி, டிரம்மின் ஓரம் மேடாக நிற்கும். ஷூ அதில் மாட்டிக்கொள்ளும். முன்சக்கரங்களுக்குக் கல் வைத்து, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, அட்ஜஸ்டரைத் தளர்த்துங்கள். பிறகு டிரம்மைப் பிடித்திருக்கும் ஸ்குரூக்களைக் கழற்றி, மரச்சுத்தியலால் சுற்றிலும் சமமாகத் தட்டினால் போதும்.

டிரம்மைவிட எனக்குப் பெரிய கவலை உள்ளே இருக்கும் தூசி. பழைய லைனிங்குகளில் கல்நார் உண்டு. அது நுரையீரலுக்குள் போனால் பல ஆண்டுகள் கழித்துக்கூடப் புற்றுநோய் வரலாம். வாயால் ஊதக்கூடாது, ஏர் அடிக்கக்கூடாது. ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

ஷெட்டில் அந்தத் தூசியை ஊதுவது பெரும்பாலும் உதவிக்கு நிற்கும் பையன்தான். அவனுக்கு இதை யாரும் சொல்லித் தருவதில்லை. வண்டி உங்களுடையது என்றால், சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான்.