பல் வரிசை கல்யாணத்துக்காகவா?

சென்ற மாதம் ஒரு உறவினர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர்கள் பெண்ணுக்கு 24 வயது. தை மாதம் முகூர்த்தம். முன்பல் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். "கிளிப் போட்டா ரெண்டு வருஷம் ஆகுமாம். நாலு பல்லையும் ராவி கேப் போட்டுட்டா பத்து நாள்ல முடிஞ்சிடும்" என்றார் அவள் அம்மா. எனக்குப் பகீரென்றது. நானும் அப்படி ராவிக் கொண்டவள்தான்.

2005-ல் என் கல்யாணம். சின்ன வயதிலிருந்தே எனக்கு முன்பல் எடுப்பு. சிரித்தால் கை தானாக வாய்க்குப் போய்விடும். பெண் பார்க்க வந்த ஒரு இடத்தில், "பொண்ணு லட்சணம்தான், பல்லுதான்..." என்று இழுத்தார்கள். அதுவரை என் பல்லைக் கண்டுகொள்ளாத எங்கள் வீட்டில் அன்றைக்குத்தான் அது பிரச்னையாகத் தெரிந்தது. அடுத்த இடம் அமைந்ததும் அவசர அவசரமாக ஒரு பல் டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். சொத்தையே இல்லாத நாலு பல்லுக்கு வேர் சிகிச்சை செய்து, ராவி, கேப் போட்டார். கல்யாண போட்டோவில் அழகாகத்தான் இருக்கிறேன்! பத்து வருஷத்தில் ஈறு ஏறி, கேப் ஓரத்தில் கறுப்புக் கோடு தெரிந்தது. பிறகு வேரில் சீழ். அந்த நாலில் இரண்டு இப்போது இல்லை. கழற்றி மாட்டும் செட்தான்.

என் மகளுக்கும் அதே எடுப்பு. "எத்துப்பல் எங்க வம்சத்துலயே கிடையாது" என்று என்னை ஒரு பார்வை பார்த்த மாமியார், "பெரிய மனுஷி ஆனா தன்னால சரியாயிடும்" என்றார். கணவரோ, கல்யாண வயசில் பார்த்துக்கலாம் என்றார். இந்த முறை நான் யார் பேச்சையும் கேட்கவில்லை. அவளுக்கு 11 வயது இருக்கும்போதே, பி.டி.எஸ்.ஸுக்கு மேல் பல் சீரமைப்புக்கென்றே மூன்று வருஷம் எம்.டி.எஸ். படித்த டாக்டரிடம் போனேன். எக்ஸ்ரே பார்த்துவிட்டு, "மேல்பல் ரொம்ப முன்னால் வரலைம்மா, கீழ்த்தாடைதான் பின்னால் நிற்குது" என்றார். எனக்கும் அதுவாகத்தான் இருந்திருக்கும், யார் பார்த்தார்கள்?

தாடை வளரும் வயதிலேயே மேலும் கீழும் பிளேட் மாட்டி, கடிக்கும்போது கீழ்த்தாடை முன்னால் வரும்படி பழக்குகிறார்கள். வளர்ச்சி நின்றுவிட்டால் பல்லை எடுத்து ஒப்பேற்ற வேண்டும், மோசமாக இருந்தால் தாடை எலும்பிலேயே ஆபரேஷன். பெண் குழந்தைகளுக்கு அந்த வளர்ச்சி வயதுக்கு வருவதற்கு முன்பே உச்சத்தைத் தொட்டுவிடுமாம். நாம் "பெரிய மனுஷி ஆகட்டும்" என்று காத்திருப்பது எவ்வளவு தலைகீழ், பாருங்கள்!

இன்னொன்று. பால் பல் விழப்போறதுதானே என்று சொத்தையானதும் பிடுங்கிவிடுகிறோம். பஸ்ஸில் துண்டு போட்டு சீட் பிடிக்கிறோமே, பால் பல் அந்தத் துண்டு மாதிரி. அதை முன்கூட்டியே எடுத்தால் பக்கத்துப் பல் சாய்ந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பின்னால் வருகிற பல் எங்கே போகும்? மேலே ஏறித் தெத்துப்பல்லாக நிற்கும். அதை அதிர்ஷ்டம் என்று சொல்லிக் கொள்கிறோம். நாலு வயதுக்கு மேலும் விரல் சூப்பினாலோ, வாயைத் திறந்தபடி தூங்கினாலோ காட்டிவிடுவது நல்லது. 7 வயதில் ஒருமுறை காட்டினால் போதும், பலருக்கு ஒன்றும் செய்ய வேண்டியிருக்காது.

செலவு உண்டுதான். எங்களுக்கு 40 ஆயிரம் ஆனது, தவணையில் கட்டினோம். சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியில் இதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. கம்பி மாட்டிய முதல் நாலு நாள் என் மகளுக்கு ரசம் சாதம்தான். தீபாவளி முறுக்குக்கு அழுதாள். கம்பியைக் கழற்றிய பிறகும் ரீடெய்னர் போட வேண்டும். என் அண்ணன் மகன் போடாமல் விட்டான், பல் பழைய இடத்துக்கே போய்விட்டது.

ஆம்பளப் பையனுக்கு எதுக்கு என்பவர்களும் உண்டு. எடுப்பான முன்பல்தான் விளையாடி விழுந்தால் முதலில் உடையும். ஆணென்ன, பெண்ணென்ன?

அன்று உறவினர் வீட்டில் கூச்சப்படாமல் என் செட்டைக் கழற்றிக் காட்டிவிட்டேன். எல்லாரும் கப்சிப். பிறகு சமையல்கட்டில் அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள்: "கல்யாணத்துக்கு அப்புறம் கிளிப் போடலாமா அத்தை?" ஈறும் எலும்பும் நன்றாக இருந்தால் தாராளமாகப் போடலாம், வயசு தடையில்லை என்றேன். "அப்ப அவர்கிட்ட நானே போன்ல சொல்லிடறேன்" என்றாள். அவள் அம்மா இன்னும் என்னிடம் பேசவில்லை.

– ஒரு வாசகி, திண்டுக்கல்.