கேள்விக்கு மறுமொழி வேண்டும்

வினாவும் விடையும் இல்லாத வகுப்பு, வகுப்பாகாது. ஆசிரியர் கூறுவதைக் கேட்டிருந்து கலைந்து செல்லும் மாணவர் எவ்வளவு கற்றனர் என்பதை ஆசிரியரும் அறியார், மாணவரும் அறியார். ஆசிரியத் தொழிலில் உள்ள நாம் நாள்தோறும் காணும் உண்மை இது. ஆயினும், பாடசாலைகளை நடத்தும் பணிமனைகள் பெற்றாரோடு பேசும்பொழுது மட்டும் இதனை ஏனோ மறந்துவிடுகின்றன.

யாழ்ப்பாண மாவட்டத்துப் பாடசாலைகள் ஐந்து கல்வி வலயங்களாக வகுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் வலிகாமம் வலயத்தைச் சார்ந்தது நமது சுன்னாகம். வலயத்துக்கு மேலே மாகாணக் கல்வித் திணைக்களம். அதற்கும் மேலே அமைச்சு. இத்தகைய அலுவலகங்கள் இணையத்தளம் வைத்திருத்தல் இக்காலத்தில் வழக்கமாகிவிட்டது. சுற்றுநிருபம், விண்ணப்பப் படிவம், மாதிரி வினாத்தாள், விழாப் படங்கள் என்பன அங்கே இடம்பெறுகின்றன. இவை பயனுடையனவே. ஆனால், அறிவித்தற் பலகை செய்யும் வேலைக்கு மேலாக இவை எதுவும் செய்வதில்லை. பலகை பேசும், கேளாது.

1960ஆம் ஆண்டுச் சட்டத்தினால் உதவிபெறும் பாடசாலைகளுட் பெரும்பாலானவை அரசின் பொறுப்புக்கு வந்தன. அதற்கு முன்னர்ப் பாடசாலை முகாமையாளர் பலர் ஊருக்கு அறிமுகமானவர்களாய் இருந்தனர். குறையுள்ளவர் அவரை வீதியில் மறித்துக் கேட்கலாம். அந்நாள் மீளவேண்டும் என்பதன்று நம் கருத்து. சாதியின் பெயராற் பிள்ளைகளுக்குக் கதவடைத்த பாடசாலைகளும் அக்காலத்தில் இருந்தன. கேட்பதற்கு ஓர் ஆள் அருகில் இருந்தார் என்பதையே சொல்ல வருகிறோம். இன்றோ அதிகாரி தொலைவில் இருக்கிறார். அத்தொலைவைக் குறைப்பதற்கே இணையத்தளம் பயன்படவேண்டும்.

இதனால் விளையும் நன்மை சிறிதன்று. 2014, 2015ஆம் ஆண்டுகளிலே சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்திருக்கிறதென்ற அச்சம் ஊரெங்கும் பரவியதை வாசகர் மறந்திரார். பிள்ளை குடிக்கும் பாடசாலைக் கிணற்று நீர் சோதிக்கப்பட்டதா? முடிவு யாது? தண்ணீர் பவுசர் எந்நாளில் வரும்? இத்தகைய கேள்விகள் எழுவது இயல்பு. நிலத்தடி நீர் மாசுற்றமை பற்றிய வழக்கில் உயர் நீதிமன்றம் இழப்பீடு வழங்குமாறு தீர்ப்பளித்தது 2019ஆம் ஆண்டிலேயாம். நீதி வர ஆண்டுகள் செல்லலாம். தாயின் கேள்விக்கோ அன்றைக்கே மறுமொழி வேண்டும்.

சொல்வோரும் கேட்போரும் கலந்து பழகும் முறை நம்மூருக்குப் புதியதன்று. நா. பொன்னையா அவர்கள் 1930இல் தொடங்கிய ‘ஈழகேசரி’ வார இதழ், 1958 வரை வெளிவந்தது. சுன்னாகத்து அச்சுக்கூடத்திலிருந்து புறப்பட்ட அவ்விதழ், இளைஞரை வாசிப்பவராக மட்டும் வைத்திராது எழுதவும் தூண்டிற்று. வாசகராய் வந்து எழுத்தாளராய் வளர்ந்தோர் பலர். ஈய எழுத்தைக் கோத்து அச்சிட்ட காலத்திலே இயன்ற செயல், கைத்தொலைபேசி வீட்டுக்கு வீடு உள்ள இக்காலத்தில் இயலாதென்பது பொருந்துமா?

செய்யவேண்டியவை சிலவே. தளத்தின் முகப்பிலேயே தமிழிற் கேள்வி எழுதுவதற்கு ஓரிடம் வேண்டும். எழுத இயலாதவர் தம் குரலிலேயே சொல்லிவைக்க வசதியும் வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் இலக்கம், பொறுப்பான ஓர் அலுவலர், மறுமொழிக்கு ஒரு தவணை ஆகியன குறிக்கப்படல் வேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம், தகவற் கோரிக்கை மீது 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்குமாறு கட்டளையிடுகிறது. சட்டங் காட்டிக் கேட்பவருக்குக் கிடைப்பது, அன்பாகக் கேட்கும் பெற்றாருக்கும் கிடைக்கவேண்டாமா?

மறுமொழியை யாவரும் காண வெளியிடுதல் நன்று. அலுவலருக்கு வேலை பெருகுமென்பார்க்கும் இதுவே விடை. நூறு பேர் தனித்தனியே கேட்கும் ஒரு கேள்விக்கு ஒருமுறை விடை எழுதினாற் போதும். வசைமொழி வருமென அஞ்சுவோர், வெளியிடுமுன் வாசித்து நீக்க ஒருவரை நியமிக்கலாம். ஆனால், கசப்பான கேள்வியை வசையென்று கொள்ளலாகாது. பிள்ளைகளின் பெயர், படம், புள்ளி ஆகியவற்றைக் காத்தல் கடமை. தனியாள் தரவுப் பாதுகாப்புக்கென 2022இல் தனிச்சட்டமே இயற்றப்பட்டுள்ளது.

இணைய வசதியில்லாத வீடுகளையும் மறத்தல் தகாது. வாரந்தோறும் கேள்வி விடைகளை அச்சிட்டுச் சனசமூக நிலையங்களிற் பத்திரிகைகளோடு வைத்தால், முதியோரும் வாசிப்பர். பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களின் தீர்மானங்களும் வரவுசெலவும் தளத்தில் வெளிவருமாயின், உள்ளூர்ப் பெற்றாரும் கடல் கடந்து வாழும் பழைய மாணவரும் எங்கே எது தேவையென்பதைத் தெளிவாய் அறிவர்.

சுன்னாகம் சந்தையிலே கத்தரிக்காயின் விலை கேட்டவர் மறுமொழி பெறாது திரும்புவதில்லை. தம் பிள்ளையின் கல்வியைப் பற்றிக் கேட்பவர் மட்டும் வெறுங்கையோடு திரும்பலாமா? கல்விப் பணிமனைகள் இதனைச் சிந்திப்பனவாக. மாணவமணிகளே, கணினி கற்ற உங்கள் கைகளும் இதற்கு உதவலாம். பாட்டி கேட்க விரும்பும் கேள்வியை இன்றே எழுதிக் கொடுங்கள். மறுமொழி வரும்வரை அவருக்காக விடாது கேளுங்கள்.