நகவெட்டியை எடுக்கும் முன் கூண்டைப் பாருங்கள்

வீட்டில் லவ் பேர்ட்ஸ் வளர்ப்பவர்கள் பலருக்கு ஒருநாள் இந்தச் சங்கடம் வரும். குருவியின் நகம் நீண்டு வளைந்து கூண்டுக் கம்பியில் மாட்டிக்கொள்ளும். உடனே ஒருவர் குருவியைப் பிடிக்க, இன்னொருவர் நகவெட்டியோடு நிற்பார். பத்து நொடி வேலைதானே என்று தோன்றும். ஆபத்தே அந்த நினைப்பில்தான் இருக்கிறது.

லவ் பேர்ட்ஸ் என்று கடைகளில் விற்பது பெரும்பாலும் பட்ஜி என்கிற ஆஸ்திரேலியப் பறவை. (பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பதே 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதற்கு நகம் வெட்டும் பேச்சே வேண்டாம்.) பட்ஜியின் எடை 30 முதல் 40 கிராம். உடம்பில் ஓடும் மொத்த ரத்தம் சுமார் 3 மில்லி, ஒரு டீஸ்பூன்கூட நிறையாது. நகத்துக்குள்ளே ரத்தக்குழாயும் நரம்பும் இருக்கின்றன. கொஞ்சம் தள்ளி வெட்டினால் ரத்தம் சொட்டும். மனிதருக்கு நாலு சொட்டு ஒன்றுமில்லை. அந்தக் குருவிக்கு அது பெரிய நஷ்டம்.

பிடிப்பதிலும் கவனம் வேண்டும். பறவைக்கு உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு அசைந்தால்தான் மூச்சு. பறந்துவிடுமோ என்று இறுக்கிப் பிடித்தால் மூச்சு முட்டிவிடும். மெல்லிய துண்டில் சுற்றி, தலையின் இருபுறமும் விரலால் தாங்கி, நெஞ்சை அழுத்தாமல் பிடிப்பதே சரி. வெளிர் நிற நகத்தை வெளிச்சத்தில் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்புக் கோடு தெரியும். அதைத் தொடாமல் நுனியை மட்டும் வெட்டலாம். கறுப்பு நகத்தில் கோடு தெரியாது. அதை நெயில் ஃபைலால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ப்பது நல்லது. பக்கத்தில் கார்ன்ஃப்ளார் மாவு இருக்கட்டும். ரத்தம் வந்தால் மாவை வைத்து ஓரிரு நிமிடம் அழுத்த வேண்டும். நிற்கவில்லையா? தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும்.

இவ்வளவும் தெரிந்து வெட்டினாலும் சில வாரத்தில் நகம் மறுபடி நிற்கும். காட்டில் யாரும் பட்ஜிக்கு நகம் வெட்டுவதில்லை. கரடுமுரடான கிளையில் ஏறி, தரையில் இரை பொறுக்கித் திரிவதில் அதுவே தேய்ந்துவிடுகிறது. கூண்டில் இருப்பதோ ஒரே பருமனில் வழவழப்பான ஒரு பிளாஸ்டிக் குச்சி. அதில் எது தேயும்?

மருந்து தெளிக்காத மரத்திலிருந்து பட்டையோடு ஒரு கொய்யாக் கிளை, ஒரு வேப்பங்கிளை. கழுவிக் காயவைத்து, தடிப்பும் மெலிவுமாக மாட்டினால் பாதிப் பிரச்சனை தீரும். செலவு பூஜ்யம். உப்புக்காகிதம் சுற்றிய குச்சி வேண்டாம், உள்ளங்காலைப் புண்ணாக்கும். கிளை மாற்றியும் நகமும் அலகும் வேகமாக வளர்ந்தால் கல்லீரல் கோளாறாக இருக்கலாம். அப்போது தேவை கத்தரி அல்ல, மருத்துவர்.

நகம் வெட்டக் கற்றுக்கொள்வது தப்பில்லை. ஆனால் மாதாமாதம் வெட்டவேண்டி வந்தால் குறை குருவியிடம் இல்லை, கூண்டிடம்தான்.