நெட் கட் ஆனால் ஃபயர்வாலை அணைக்கலாமா?

“நெட் அடிக்கடி கட் ஆகுதா? ஃபயர்வாலை ஆஃப் பண்ணிடுங்க, சரியாயிடும்.” கணினி வைத்திருக்கும் பலரும் கேட்டிருக்கக்கூடிய யோசனை இது. சில நேரம் சரியாகியும் விடும். ஆனால், கதவு சிக்குகிறது என்று கதவையே கழற்றி வைப்பது தீர்வாகுமா?

இந்தப் பழக்கம் புதிதல்ல. 2003-ல் பிளாஸ்டர், 2004-ல் சாசர் என்ற புழுக்கள் விண்டோஸ் கணினிகளில் வேகமாகப் பரவின. 2004 ஆகஸ்டில் விண்டோஸ் எக்ஸ்பிக்கு சர்வீஸ் பேக் 2 வந்தது. ஃபயர்வால் தானாகவே இயங்கத் தொடங்கியது. கூடவே இன்னொரு கட்டுப்பாடும் வந்தது: பதிலுக்காகக் காத்திருக்கும் புதிய இணைப்புகள் ஒரே நேரத்தில் 10-ஐத் தாண்டக் கூடாது. ஒரே மூச்சில் நூற்றுக்கணக்கான கணினிகளின் கதவைத் தட்டும் புழுவின் வேகத்தைக் குறைக்கவே இந்த ஏற்பாடு. அதே வேலையைச் செய்யும் டோரன்ட் மென்பொருள்களும் இதில் மாட்டின. ‘4226’ என்ற எண்ணோடு ஒரு குறிப்பு பதிவேட்டில் விழும். அதைத் திறந்து பார்ப்பவர்கள் குறைவு. பலர் யாரோ எழுதிய ‘பேட்ச்’சை இறக்கி, சிஸ்டம் கோப்பையே மாற்றினார்கள். 2009-ல் வந்த விண்டோஸ் 7-ல் இந்த வரம்பு இல்லை.

இன்று என்ன செய்யலாம்? முதலில், வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளிலும் நெட் போகிறதா என்று பாருங்கள். போனால் சிக்கல் ரவுட்டரிலோ சேவை நிறுவனத்திடமோ இருக்கலாம். ஒரு கணினியில் மட்டும் என்றால் அடுத்த கேள்வி: இணையப் பக்கங்கள் திறக்கின்றனவா? விண்டோஸ் ஃபயர்வால் வழக்கமாகத் தடுப்பது உள்ளே வரும் இணைப்புகளைத்தான். எனவே பக்கங்களே திறக்காதபோது அதை அணைப்பதால் பெரும்பாலும் பயனில்லை.

பிரவுசர் ஓடுகிறது, ஆனால் கோப்புப் பகிர்வோ ஒரு குறிப்பிட்ட செயலியோ மட்டும் மறுக்கிறதா? அப்போது இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, நெட்வொர்க் வகை. புதிய வைஃபையை விண்டோஸ் 11 ‘பப்ளிக்’ என்றே எடுத்துக்கொள்ளும். மற்ற கணினிகளின் கண்ணில் படாது. நம்பகமான வீட்டு வைஃபை என்றால் ‘பிரைவேட்’ ஆக மாற்றலாம். ரயில் நிலையத்திலும் ஹோட்டலிலும் மாற்ற வேண்டாம். இரண்டு, அனுமதிப் பட்டியல். செயலி முதன்முறை அனுமதி கேட்டபோது அவசரத்தில் ‘கேன்சல்’ அழுத்தியிருந்தால், அதுவே தடையாகப் பதிவாகியிருக்கும். விண்டோஸ் செக்யூரிட்டியின் ஃபயர்வால் பகுதியில் அந்தச் செயலிக்கு மட்டும் டிக் போட்டால் போதும்.

பயனர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. எதை, ஏன் தடுத்தோம் என்று புரியும்படி சொல்லாத பாதுகாப்பை மக்கள் மொத்தமாக அணைத்துவிடுவார்கள். அதைத் திரையிலேயே, நம் மொழியிலேயே சொல்வது மென்பொருள் நிறுவனங்களின் கடமை. அதுவரை, தடுக்கும் ஒரு விதியைத் தேடித் திருத்துங்க; முழுப் பாதுகாப்பையும் அணைச்சிடாதீங்க.