யானைக்குப் பேர் இருக்கு பாஸ்!

இந்த வாரம் உங்களைக் கடலோரக் கோட்டை ஒன்றுக்குக் கூட்டிப்போவதாகப் போன வாரம் பில்டப் கொடுத்திருந்தேன், ஞாபகம் இருக்கா? தரங்கம்பாடி. 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டை. கீழ்த்தளத்தில் சிறை அறைகள், வெளியே அலை, நடுவில் கூலிங் கிளாஸோடு நான்... என்றெல்லாம் அளந்துவிட்டிருந்தேன்.

ஸாரி. லீவு விட்டதும் கூடலூர் பக்கம் இருக்கிற என் அம்மாயி வீட்டுக்கு வந்தேன். வந்தவன் இங்கேயே மாட்டிக்கொண்டேன். பொறுப்பாசிரியருக்கு போன் போட்டு, "சார், இங்க கடல் இல்ல. கோட்டையும் இல்ல" என்றேன். இரண்டு நொடி மௌனம். "ஜெயில் இருக்கா?" "இருக்கு சார்." "அப்ப எழுது. புதன்கிழமைக்குள்ள வரணும்." லைன் கட்.

ஆகவே மக்களே, கடலே இல்லாத ஒரு ஜெயிலுக்குப் போகிறோம். ஆனால் அந்த ஜெயிலுக்கும் கடலுக்கும் சம்பந்தம் இல்லை என்று மட்டும் அவசரப்பட்டு முடிவு கட்டிவிடாதீர்கள்.

முதல் ஸ்டாப், தெப்பக்காடு. அது என் ஐடியா இல்லை. கூட வந்த ஹாஸ்டல் நண்பன் நாகப்பட்டினத்துக்காரன். "யானையைப் பக்கத்துல பாக்காம ஊருக்குத் திரும்ப மாட்டேன்" என்று அடம். விடியற்காலையில் எழுப்பி, கூடலூரிலிருந்து மைசூர் ரோட்டில் பஸ் ஏறி, மாயாற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் போய் இறங்கினோம். காலைச் சாப்பாட்டு நேரம். யானைகளுக்குத்தான், எங்களுக்கு இல்லை.

முதுமலை முகாமைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். யானைகள் வரிசையாக நிற்கும். உள்ளே கேழ்வரகு, அரிசி, கொள்ளு எல்லாம் வேகவைத்துக் களியாக, கட்டி கட்டியாக வைத்திருப்பார்கள். வெல்லம், உப்பு, தேங்காய் தனி. பக்கத்தில் ஒரு போர்டு. எந்த யானைக்கு எது, எத்தனை கிலோ என்று அந்தந்த யானையின் பெயருக்கு நேராக எழுதியிருக்கும். நம் மெஸ்ஸில் இப்படி ஒரு போர்டு வைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஒரு நிமிஷம் ஏங்கினேன். மாவுத்தர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் யானை ஒரு அடி முன்னால் வந்து வாயைத் திறக்கிறது. உருண்டை உள்ளே போகிறது. அடுத்த பெயர். அடுத்த வாய்.

அங்கேதான் கரால் பற்றிக் கேள்விப்பட்டோம். காட்டில் மனிதர்களோடு மோதிப் பிடிபடுகிற யானையை, முகாமில் பழக்குவதற்கு முன் அடைத்துவைக்கிற மரக்கூண்டு. ஆளை மறைக்கும் பருமனில் இருக்கிற மரங்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிக் கட்டுவார்கள். வாரக்கணக்கில், சில யானைகளுக்கு மாதக்கணக்கில் அதுதான் உலகம். 1998-ல் இந்தக் கூடலூர்க் காட்டில் பிடிபட்ட ஒரு மக்னாவின் கதையை முகாமில் இன்னும் சொல்கிறார்கள் (மக்னா என்றால் தந்தம் இல்லாத ஆண் யானை). கேரளாவிலும் இங்கேயுமாகப் பல உயிர்களைப் பறித்த யானை அது. பிடிபட்டபோது அதன் உடம்பு முழுக்கக் காயம். டாக்டர் வி.கிருஷ்ணமூர்த்தி பக்கத்திலேயே இருந்து வைத்தியம் பார்த்துத் தேற்றினார். கடைசியில் அவர் பெயரையே யானைக்கு வைத்தார்கள்... மூர்த்தி! அதற்கப்புறம் குழந்தைகள் பக்கத்தில் போய் நிற்கிற அளவுக்குச் சாதுவாகி, 2024-ல் இதே முகாமில் வயதாகிச் செத்துப்போனது.

கொலை கேஸில் உள்ளே வந்தவருக்கே பெயர், டாக்டர், டயட் சார்ட். இதைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

"இது யானைக்கு ஜெயில்தானேடா?" என்று நண்பன் கேட்டான். டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் திரும்பிப் பார்த்துச் சொன்னார். "மனுசங்க ஜெயிலு பாக்கணும்னா மேல நடுவட்டம் போங்க தம்பி. சைனாக்காரன் ஜெயிலு."

கிளம்பிவிட்டோம். திரும்பக் கூடலூர், அங்கிருந்து ஊட்டி பஸ். கூடலூரில் சட்டை வியர்வையில் ஒட்டும். நாலைந்து கொண்டை ஊசி ஏறினால் ஜன்னலை மூடச் சொல்லிப் பின் சீட்டில் சத்தம் வரும். தவளைமலை தாண்டி நடுவட்டத்தில் இறங்கியபோது பல் தந்தியடித்தது. நாகப்பட்டினம் வாயே திறக்கவில்லை. நல்லதுதான்.

ஜெயில் ரொம்பப் பெரியதெல்லாம் இல்லை மக்களே. அந்தமான் செல்லுலார் ஜெயில் மாதிரி ஏழு சிறகு, 698 அறை என்று கற்பனை பண்ணிக்கொண்டு போனால் பல்பு வாங்குவீர்கள். இப்போது புதுப்பித்து, வருகிறவர்கள் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். சுவர்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது. நான் சிவில் மூன்றாம் ஆண்டு (ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் அரியர் பற்றி இங்கே பேச வேண்டாம்). தடிமனான பழங்காலச் சுவரைப் பார்த்தால் கை தானாகப் போய்த் தட்டும். தட்டினால் சத்தமே வரவில்லை, அவ்வளவு கனம். உள்ளே நின்றால் ஐந்து நிமிஷத்தில் பாதம் வழியாகக் குளிர் ஏறுகிறது. கைதிகளே தங்களுக்கான ஜெயிலைக் கட்டினார்கள் என்று ஊரில் சொல்கிறார்கள்.

சரி, ஊட்டி மலையில் சீனர்கள் எப்படி?

யாரைக் கேட்டாலும் "அபின் போர்க் கைதிகள்" என்று ஒரே பதில்தான் வருகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. போர்க் கைதி என்றாலே ஒரு கெத்து இருக்கிறதே! ஆனால் சென்னை மியூசியத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் எழுதிவைத்திருப்பது வேறு. இவர்கள் ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸிலிருந்து, அதாவது பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூரிலிருந்து வந்த தண்டனைக் கைதிகள். அங்கே ஜெயிலில் இடம் போதவில்லை. கப்பலில் ஏற்றி மெட்ராஸ் மாகாணத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்து நீலகிரி.

இதில் எனக்குத் தூக்கிவாரிப்போட்ட விஷயம் வேறு. அதே காலத்தில் நம்ம ஊர்க் கைதிகளை எங்கே அனுப்பினார்கள் தெரியுமா? சிங்கப்பூருக்கு! 1825-லிருந்து 1873 வரை அங்கே இந்தியக் கைதிகள் இருந்தார்கள். இன்றைக்கு டூரிஸ்ட்டுகள் நின்று போட்டோ எடுக்கிற செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம், சிங்கப்பூர் அதிபரின் இஸ்தானா மாளிகை, இரண்டிலும் இந்தியக் கைதிகளின் உழைப்பு இருக்கிறது. இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே! கலெக்‌ஷன் ஏஜென்ட் மாதிரி உட்கார்ந்து வெள்ளைக்காரன் பண்டமாற்று பண்ணியிருக்கிறான். காரணம் சிம்பிள். சொந்த ஊர் ஜெயிலிலிருந்து தப்பினால் வீட்டுக்கு ஓடலாம். கடல் தாண்டிய ஜெயிலிலிருந்து தப்பி எங்கே ஓடுவது? நடுவட்டத்தில் கடல் இல்லை என்று ஆசிரியரிடம் சொன்னது தப்பு. ஒரு வங்காள விரிகுடாவே மதில் மாதிரி நின்றிருக்கிறது.

ஆள் வந்தாச்சு, அப்புறம் வேலை? சிங்கோனா. மலேரியாவுக்கு மருந்தான குயினைன் இந்த மரத்துப் பட்டையில்தான் இருக்கிறது. தென் அமெரிக்காவிலிருந்து கிளெமென்ட்ஸ் மார்க்கம் 1860-ல் இதை இந்தியாவுக்குக் கொண்டுவர, ஊட்டி அரசுத் தோட்டத்தின் கண்காணிப்பாளர் மக்ஐவர் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் நட்டு வளர்த்தார். பட்டாளமும் ஆபீசர்களும் காய்ச்சலில் செத்துவிடக் கூடாது. அதற்காகக் காட்டை வெட்டி, குழி தோண்டி, கன்று நட்டவர்களில் இந்தக் கைதிகளும் உண்டு. தேயிலைத் தோட்டத்திலும் வேலை வாங்கியிருக்கிறார்கள். குந்தா பக்கம் தியாஷோலா எஸ்டேட்டில் 'ஜெயில் தோட்டம்' என்ற பெயர் இன்னும் நிலைத்திருக்கிறது. ஜெயில் போய்விட்டது, பெயர் போகவில்லை.

தப்பிக்கவே இல்லையா என்று கேட்பீர்கள். தப்பித்தார்கள். 1860-களில் சில சீனக் கைதிகள் நழுவினார்கள். நாலாபுறமும் ஆயுதத்தோடு போலீஸ் கிளம்பியது. இரண்டு வாரம் கழித்து மலபாரில் ஆட்கள் பிடிபட்டபோது அவர்கள் கையில் போலீஸ்காரர்களின் ஆயுதங்கள்! தேடப்போன ஒரு கோஷ்டியைக் காணோம். ரொம்ப நாள் கழித்து, சிஸ்பாறா மலைப்பாதையில் வாலகாட் என்ற இடத்தில் நான்கு போலீஸ்காரர்களின் உடல்கள் கிடந்தன. வரிசையாகக் கிடத்தி, தலை வேறு உடல் வேறாக. 1908-ல் வந்த நீலகிரி கெசட்டியரில் இது இருக்கிறது. இவர்களை அப்பாவிகள் என்று எழுதிவிட்டுப் போக எனக்கு ஆசைதான். அந்த நான்கு பேருக்கும் வீடு இருந்திருக்குமே?

தண்டனை முடிந்தும் ஊர் திரும்பாமல் தங்கிவிட்டவர்கள் கதைதான் என்னை இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் நடுவே மலைச்சரிவில், நாங்கள் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே வந்தோமே அதே வழியில், குடிசை போட்டார்கள். தமிழ்ப் பெண்களைக் கல்யாணம் பண்ணிக்கொண்டார்கள். அந்தப் பெண்கள் ஊர் ஒதுக்கிவைத்திருந்த தலித் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். காய்கறி போட்டார்கள், காபி வளர்த்தார்கள், மாடு வைத்துக்கொண்டார்கள். யாருக்கும் தொந்தரவில்லாத பிழைப்பு.

அங்கே போனார் தர்ஸ்டன். அளவுக்கருவி சகிதம். மூக்கு எத்தனை நீளம், எத்தனை அகலம், தலை எத்தனை, தோல் என்ன நிறம் என்று அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லோரையும் அளந்து எழுதிக்கொண்டு வந்தார். அந்த அப்பாவுக்கு ஒரே ஒரு குறைதானாம். கிறிஸ்தவராக மாறியபோது தன் பின்னல் ஜடையை வெட்டும்படி ஆகிவிட்டதே என்று. ஒரு மனுஷன் ஊர், பாஷை, குடும்பம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்திருக்கிறான். ஜடைக்கு மட்டும் வருத்தப்படுகிறான் என்று அந்தப் பெரிய மனிதர் நம்பியிருக்கிறார். கேட்டதற்குப் பதில் வந்திருக்கும். கேட்காததற்கு எப்படி வரும்?

நான் படித்த அந்தப் பக்கங்களில் மூக்களவு இருக்கிறது. பெயர் இல்லை. அப்பாவின் பெயரும் இல்லை, அம்மாவின் பெயரும் இல்லை.

"காலைல போர்டுல எத்தனை பேர் எழுதியிருந்தாங்க..." என்று நண்பன் ஆரம்பித்தான். "விடுடா" என்றேன். அவனும் விட்டுவிட்டான்.

சாயங்காலம் அம்மாயி வீடு. அம்மாயி கதையையும் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை அரைகுறைதான். அவர் பிறந்தது கண்டிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். 1964-ல் டெல்லியில் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒரு ஒப்பந்தம் போட்டார்கள். நாடில்லாமல் நின்ற 9,75,000 மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், மூன்று லட்சம் பேரை இலங்கை வைத்துக்கொள்ளும் என்று பங்கு பிரித்தார்கள். மீதி ஒன்றரை லட்சத்தை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அம்மாயி இந்தியப் பங்கு. தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்திருந்து, கடைசியில் கூடலூர். அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற வேலை. கடலைத் தாண்டி வந்தும் அதே கூடை, அதே செடி.

சாயத்தண்ணி போட்டுக் கொடுத்தார். நண்பனுக்கு வெல்லம் எக்ஸ்ட்ரா. நடுவட்டம் கதையை நான் முழுசாகச் சொன்னேன். தலை வெட்டின சமாச்சாரத்துக்கு "அய்யய்யோ" என்றார். ஜடை சமாச்சாரத்துக்குச் சிரித்தார். அப்புறம் கேட்டார்.

"தேயிலைக்குத்தான் கொண்டாந்தாங்களா அவங்களையும்?"

"தேயிலைக்கும் சிங்கோனாவுக்கும், அம்மாயி."

"கப்பல்லயா?"

"ஆமா."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. எழுந்துபோய் டிரங்குப் பெட்டியைத் திறந்து, பாலிதீன் பையில் சுற்றிய பாஸ்போர்ட்டை எடுத்துவந்தார். நான் நூறு தடவை பார்த்ததுதான். ஓரம் எல்லாம் கரையான் தின்றதுபோல இருக்கும். போட்டோவில் அம்மாயிக்கு என் வயசு. பெயரில் ஒரு எழுத்துத் தப்பு. எந்தக் குமாஸ்தா பண்ணிய தப்போ, அதன் பிறகு ரேஷன் கார்டு, ஓட்டர் கார்டு எல்லாவற்றிலும் அந்தத் தப்போடுதான் வாழ்கிறார்.

நண்பன் வாங்கிப் பார்த்துவிட்டு, "பாட்டி, பேரு தப்பா இருக்கே. மாத்தலையா?" என்றான்.

"தப்பா இருந்தா என்னா சாமி, இருக்குல்ல" என்றார் அம்மாயி. பையைச் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, "அந்தச் சைனாக்காரரு பொஞ்சாதி... அந்தப் புள்ளையாச்சும் அவர என்ன சொல்லிக் கூப்புட்டுருக்கும்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. டம்ளரை நீட்டினேன். இன்னும் கொஞ்சம் சாயத்தண்ணி ஊற்றினார்.