இயந்திரத்தின் காலைக் காப்போம்

1990 யூன் மாதத்தில் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறியவர்களுள் மண்வெட்டியை விட்டு வந்தவர்களும் இருந்தார்கள்; வலையை விட்டு வந்தவர்களும் இருந்தார்கள். முகாம்களில் இரு சாராரும் ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளினோம். 27 வருடங்களின் பின்னர், 2017 யூலை 3ஆம் திகதி, மயிலிட்டித் துறைமுகம் மக்களிடம் மீண்டது. ஆனால் செம்மண் காணிகளில் ஒரு பகுதி இன்னும் மீளவில்லை. இதனால் தோட்டஞ் செய்த குடும்பங்களின் பிள்ளைகள் சிலரும் இன்று வள்ளத்தில் கூலிக்குப் போகின்றனர். ஆகவே இம்முறை கடற்கரைச் சங்கதியொன்றை எமது தோட்டக்காரக் குடும்பங்களுடனும் கதைக்க விரும்புகின்றோம்.

அண்மையில் மயிலிட்டிக் கரையில் இளைஞர் ஒருவர் தமது வெளியிணைப்பு இயந்திரத்தின் காலைத் துப்புரவு செய்துகொண்டிருந்தார். நீருக்குள் இறங்கி நிற்கும் அந்த அலுமினியப் பகுதியில் கொட்டலசு அப்பியிருந்தது. பழைய பெயின்ற் செதில் செதிலாக எழும்பியிருந்தது. அவர் இரும்புக்கம்பித் தூரிகையால் உரஞ்சினார். பின்னர் மலசலகூடம் கழுவும் அசிட்டை ஊற்றினார். நுரை பொங்கியது. ஊத்தை போகின்றது என்று மகிழ்ந்தார். உண்மையில் கொட்டலசுடன் சேர்ந்து அலுமினியமும் கரைந்துகொண்டிருந்தது. அந்த இயந்திரத்தின் கடன் இன்னும் கட்டி முடியவில்லை என்று பின்னர் அறிந்தோம்.

இளைஞரை நாம் குறை கூறவில்லை. தகப்பன் கடலில் கற்றதை மகனுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டிய 27 வருடங்கள் கரையிலேயே கழிந்தன. அந்த இடைவெளியை யார் நிரப்புவது என்பதே எமது கேள்வி.

அலுமினியம் காற்றுப் பட்டவுடன் தன்மேல் மெல்லிய காப்புப் படலம் ஒன்றை உண்டாக்கிக்கொள்ளும். உப்புநீர் அதைத் துளைக்கும். கடும் அசிட்டும் கோஸ்ரிக் சோடாவும் அதை அழித்துவிடும். இரும்புத் தூரிகையின் துகள்கள் உலோகத்தில் பதிந்து குழி விழச் செய்யும். தீச்சுவாலையால் பெயின்றைச் சுட்டு உரித்தால் உள்ளிருக்கும் றப்பர்ச் சீல்கள் கெட்டுவிடும். பிறகு கடல்நீர் கியர் எண்ணெயில் கலக்கும். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் அதுவே அடையாளம்.

சரியான முறை பொறுமையானது, செலவு குறைந்தது. காலை நீரிலிருந்து எடுத்தவுடன், ஈரம் காயுமுன், மரச் சீவுளியால் அல்லது பிளாஸ்ரிக் தகட்டால் கொட்டலசைத் தள்ளுங்கள். காய்ந்தால் அது கல்லாகிவிடும். ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளைச் சுண்ணாம்பு வட்டத்தின்மேல் வினாகிரியில் நனைத்த துணியைச் சிறிது நேரம் போட்டு, இளகியதும் தேய்த்து, நன்னீரால் கழுவுங்கள். குளிர்நீர் உள்ளெடுக்கும் துவாரங்களைக் கட்டாயம் பாருங்கள். அவை அடைபட்டால் இயந்திரம் சூடேறி எரியும். பிறகு சவர்க்காரத்தால் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கி, எழும்பிய பெயின்றை மாத்திரம் சான்ட் பேப்பரால் நீர் விட்டுத் தேயுங்கள். உறுதியாக ஒட்டியிருக்கும் பெயின்றை உரிக்கத் தேவையில்லை. வெறும் உலோகம் தெரியும் இடத்துக்கு அன்றைக்கே, அலுமினியத்துக்கென விற்கப்படும் பிறைமரைப் பூசுங்கள்.

இன்னொரு தவறும் உண்டு. வள்ளத்தின் அடிக்குப் பூசும் செம்பு கலந்த பெயின்றில் மிஞ்சியதை இயந்திரத்தின் காலுக்கும் பூசுகின்றார்கள். செம்பும் அலுமினியமும் உப்புநீரில் சேர்ந்தால் பற்றறி போல வேலைசெய்யும், தின்னப்படுவது அலுமினியமே. காலில் பொருத்தியிருக்கும் நாகக் கட்டி, தான் கரைந்து அலுமினியத்தைக் காப்பதற்காக வைக்கப்பட்டது. அதன்மேல் பெயின்ற் பூசினால் அது பயனற்றது. பாதி கரைந்ததும் மாற்றிவிட வேண்டும்.

சுரண்டிய கழிவைக் கடலிலே தள்ளுவதையும் நாம் ஏற்க முடியாது. முற்காலப் பெயின்றுகளில் கலந்திருந்த வெள்ளீயச் சேர்வையால் பிரான்சின் ஆர்க்கசோன் குடாவில் சிப்பி வளர்ப்பே நலிந்தது. 1982இல் அந்நாடு சிறு படகுகளுக்கு அதைத் தடைசெய்தது. உலகளாவிய தடை 2008 செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்தது. செம்பும் சிற்றுயிர்களுக்கு நஞ்சுதான். கரையோரத்தில் நண்டுக் குஞ்சும் இறால் குஞ்சும் வளரும் நீரில் நாமே நஞ்சைக் கொட்டிவிட்டு, மீன் இல்லை என்று புலம்பலாமா?

இது சில்லறை விடயமன்று. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் ஏறியதை நாம் மறக்கவில்லை. கொட்டலசு அப்பிய கால் நீரை இழுத்துக்கொண்டு போகும். அதே தூரத்துக்குக் கூடுதல் எண்ணெய் குடிக்கும். அந்தப் பணம் பிள்ளையின் கொப்பிக்கும் புத்தகத்துக்கும் போகவேண்டிய பணம்.

எனவே மூன்று காரியங்களைக் கேட்கின்றோம். முதலாவது, இயந்திரம் வழங்கும் எந்தத் திட்டமும் இரண்டு நாள் பராமரிப்புப் பயிற்சியையும் சேர்த்தே வழங்கவேண்டும். இரண்டாவது, கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் நாகக் கட்டியையும் பிறைமரையும் மொத்தமாக வாங்கி அங்கத்தவருக்குக் கொள்விலையில் கொடுக்கவேண்டும். மூன்றாவது, இறங்குதுறைகளில் கழுவும் மேடையும் கழிவு சேர்க்கும் பீப்பாவும் நன்னீர்த் தொட்டியும் வேண்டும்.

நன்னீர் என்றதும் தோட்டக்காரர் முகஞ் சுளிப்பது எமக்குப் புரிகின்றது. எமது சுண்ணக்கல் நிலத்தின் கிணறுகள் மழையை மாத்திரம் நம்பியவை. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் ஏறும். ஆகவே அந்தத் தொட்டி கூரையில் விழும் மாரிமழையால் நிரம்பட்டும். ஓர் இயந்திரத்தைக் கழுவ ஒரு பீப்பாத் தண்ணீர்கூடத் தேவையில்லை.

தோட்டக்காரருக்கும் இதில் பாடமுண்டு. உங்கள் நீரிறைக்கும் இயந்திரத்தின் கூடும் பெரும்பாலும் அலுமினியமே. உவர் கிணற்றில் இறைத்த பின் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். கோஸ்ரிக் சோடாவை அதனருகிலும் கொண்டுபோகாதீர்கள்.

இழந்த வருடங்களை எவரும் எமக்குத் திருப்பித் தரப்போவதில்லை. கையில் வந்த பொருளையாவது அறியாமையால் இழக்காதிருப்போம். தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுப்பது இந்த வாரமே தொடங்கக்கூடிய வேலை. அதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை.